அடையாளமற்ற தரையும் தாழப் பறக்கும் ட்ரோனும்: இன்ஜெனுயிட்டியின் 72ஆம் பறப்பு குறித்த மறுவாசிப்பு

அடையாளமற்ற பரப்பின்மேல் தாழப் பறக்கும் சிறு ட்ரோன் ஏன் நிலைகுலைகிறது என்ற கேள்விக்கு அண்மைய ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே விடையைத் தருகின்றன: கீழ்நோக்கிய கேமரா பற்றிக்கொள்ளப் போதிய புள்ளிகள் தரையில் இல்லை. இதற்கு முதன்மைச் சான்றாகக் காட்டப்படுவது, செவ்வாயில் 2024 ஜனவரி 18 அன்று முறிந்த இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டரின் கடைசிப் பறப்பு. அந்தச் சான்று அந்த முடிவைத் தாங்காது என்பதே என் வாதம். கோபிசெட்டிபாளையத்தின் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாசன வயல்களில் மருந்து தெளிக்கும் ட்ரோன்களை எப்படிச் சோதிப்பது என்பதும் இந்த வாசிப்பைப் பொறுத்தே அமைகிறது.

2024 டிசம்பரில் நாசா வெளியிட்ட விசாரணை முடிவைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். ஹெலிகாப்டர் 12 மீட்டர் உயர்ந்து படம் எடுத்தது. 19ஆம் விநாடியில் இறங்கத் தொடங்கியது. 32ஆம் விநாடியில் தரையில் இருந்தது, தொடர்பும் அறுந்தது. புறப்பட்ட சுமார் 20 விநாடியிலேயே, மணல் அலைகள் மட்டுமே பரந்த அந்த நிலத்தில் கேமராவுக்குப் போதிய புள்ளிகள் கிடைக்கவில்லை. இதுவரை கருத்து வேறுபாடு இல்லை. அடுத்த படிதான் மேற்கோள்களில் விடுபட்டுப்போகிறது. விசாரணைக் குழு மிகவும் சாத்தியமானதாகக் கருதிய நிகழ்வுத்தொடரின்படி, வழிசெலுத்தலில் நேர்ந்த பிழையால் ஹெலிகாப்டர் மிகுந்த கிடைவேகத்தோடு மணல் அலையின் சரிவில் மோதியது. அதன் பிறகே உடல் சட்டென்று சாய்ந்தது. அந்தச் சுமையைத் தாங்காமல் நான்கு இறக்கைகளும் முறிந்தன. அதாவது, விசாரணை சொல்லும் வரிசையில் சாய்நிலை குலைந்தது மோதலின் விளைவாக. காற்றில் இருந்தவரை குலைந்திருந்தது தன் வேகத்தைப் பற்றிய கணிப்பு. சாய்நிலையைக் கைரோஸ்கோப்பும் முடுக்கமானியும் தரையைப் பாராமலேயே காத்துக்கொள்கின்றன. கிடைவேகத்தை அவற்றால் நீண்ட நேரம் சரியாகக் கணிக்க முடியாது, அங்கேதான் கேமரா தேவைப்படுகிறது. இவ்விரண்டையும் 'நிலைத்தன்மை' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைத்ததில்தான் முந்தைய வாசிப்பு வழுக்கியது.

இதை உறுதிப்படுத்தும் எதிர்ச்சான்று அதே ஹெலிகாப்டரின் வரலாற்றில் இருக்கிறது. ஏனோ அது அரிதாகவே பேசப்படுகிறது. 2021 மே 22 அன்று நடந்த ஆறாம் பறப்பில் தரையில் அடையாளங்களுக்குக் குறைவில்லை. 54ஆம் விநாடியில் ஒரே ஒரு படம் தவறியது. அதன்பின் வந்த படங்கள் எல்லாம் பிழையான நேரக்குறிப்போடு வந்தன. ஹெலிகாப்டர் 20 பாகைக்கும் மேல் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஊசலாடியது. படங்கள் தெளிவானவை, ஆனால் அவற்றிலிருந்து பெற்ற வேகம் பொய். அந்தப் பொய்வேகத்தைத் திருத்தக் கட்டுப்பாட்டு நிரல் இட்ட சாய்வுகளை ஹெலிகாப்டர் பிசகாமல் நிறைவேற்றியது. இறங்கும் கடைசிக் கட்டத்தில் கேமராவை நம்பாதபடி அது வடிவமைக்கப்பட்டிருந்ததால் குறித்த இடத்திலிருந்து சுமார் 5 மீட்டருக்குள் பத்திரமாக இறங்கியது. சென்னை ஐஐடியில் படித்த பாப் பாலராம் தலைமைப் பொறியாளராக இருந்த இந்தத் திட்டத்தின் மிக நுட்பமான முடிவாக நான் மதிப்பது இதைத்தான். இரு பறப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் பொதுக்காரணம் புள்ளிகளின் எண்ணிக்கையில் இல்லை. பிழையான வேகக் கணிப்பைப் பிழையென்று அறியாமல் ஏற்றதில் இருக்கிறது. இரண்டே நிகழ்வுகளைக் கொண்டு விதி வகுக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதிர்த்தரப்பு ஒன்றை மட்டுமே வைத்து வகுத்திருக்கிறது.

பரம்படித்து நாற்று நட்ட கொங்கு வயலில் இந்த வேறுபாடு கூர்மையாகிறது. மெல்லிய நீர்ப்படலத்தின்மேல் 2 மீட்டர் உயரத்தில் ட்ரோன் நிற்கும்போது, அதன் விசிறிக்காற்றே நீரில் அலைவட்டங்களை எழுப்புகிறது. கேமராவுக்குப் புள்ளிகள் ஏராளம். அவற்றில் பல ஓடுகின்றன. அந்த உயரத்தில் காட்சி விநாடிக்குக் கால் ரேடியன் நகர்ந்தால், வேகம் விநாடிக்கு அரை மீட்டர் என்று கணக்கு வரும். ஓடியது நீரா ட்ரோனா என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அலைகளைக் கிழக்கே தள்ளினால், தான் மேற்கே நகர்வதாக நம்பி ட்ரோன் கிழக்கே சாயும். மருந்து பக்கத்துக் காட்டு வாழையில் விழும். புள்ளிகளை எண்ணிப் பார்க்கும் சோதனை இந்த வயலுக்கு நற்சான்றே வழங்கும்.

திறந்த வயலில் செயற்கைக்கோள் இடங்காட்டி இருக்க இது எதற்கு என்று கேட்கலாம். இடங்காட்டிக்குத் தடங்கல் வரும் நேரத்தில்தான் கேமரா பொறுப்பேற்கிறது. அந்த நேரத்துக்காகவே இந்த ஆய்வு. 1963இல் ஹெரானும் லிண்டவரும் காட்டியபடி, அசைவற்ற ஏரிநீரின்மேல் பறந்த தேனீக்கள் தாழ்ந்து தாழ்ந்து நீரில் விழுந்தனவே என்பது இன்னொரு மறுப்பு. தேனீயிடம் உயரமானி இல்லை, ட்ரோனிடம் இருக்கிறது.

தீர்வுக்கான தொடக்கமும் அந்த உயரமானியில்தான் உள்ளது. நேர்கீழே விரியும் அலைவட்டங்கள் கேமராவுக்குத் தரை நெருங்குவதுபோலத் தோன்றும். அதே நொடியில் உயரமானி உயரம் மாறவில்லை என்று காட்டினால், அசைவது பரப்பே என்ற ஐயம் வலுக்கிறது. அப்போது அந்தப் படங்கள் தரும் கிடைவேகத்துக்குரிய எடையை நிரல் குறைத்துக்கொள்ளலாம். வயற்சோதனைகளில் புள்ளிகளின் எண்ணிக்கைக்குப் பதிலாக இந்த முரணின் அளவையே பதிவுசெய்ய வேண்டும். நாற்று நட்ட முதல் வாரத்திலும், பயிர் நீரை மூடிய பிறகும், காற்றோடும் காற்றில்லாமலும் தனித்தனியாக.