கந்தோர்

கந்தோர்: அலுவலகத்துக்கு இலங்கைத் தமிழில் வழங்கும் பெயர். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையின் வெல்லாவெளியில் போரதீவுப்பற்றுப் பிரதேச செயலகம் இருக்கிறது. பலகையில் செயலகம், காணி அலுவலாக வரும் வயதானவர்கள் வாயில் டீ.எஸ். (பிரதேச செயலாளர்) கந்தோர்.

வேர் இலத்தீனில். ‘கொம்புத்தாரே’ என்றால் கணக்கிடுதல். கணக்குப் பார்க்கும் மேசைக்கு அதிலிருந்து இடைக்கால இலத்தீனில் ஒரு பெயர் பிறந்தது. பிரெஞ்சுக்காரர் அதை ‘கொந்த்வார்’ ஆக்கினர். நடுவிலுள்ள பகரத்தை எழுதுவார்கள், சொல்லமாட்டார்கள். டச்சில் அது ‘கந்தோர்’. பொருளும் மேசையை விட்டு அறைக்கும், பிறகு அலுவலகத்துக்கும் நகர்ந்தது. பேர்கனிலும் நோவ்கோரதிலும் ஹன்சா வணிகர் நடத்திய வணிக நிலையங்களுக்கும் இந்தப் பெயர்தான். சுவீடனிலும் டென்மார்க்கிலும் இன்று அது சாதாரண அலுவலகம். போலந்தில் தெருவோரப் பலகையில் கிட்டத்தட்ட நம் ஒலியோடே ‘கந்தோர்’ என்றிருந்தால் உள்ளே பணம் மாற்றித் தருவார்கள். ஆங்கிலமோ மேசையை விடவில்லை: கவுண்டர்.

டச்சுக்காரரான ஒல்லாந்தர் 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தனர். 1796இல் இலங்கையின் கரையோரம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஆட்சி போயும் சொல் போகவில்லை. வந்தவர்களின் நிறுவனங்களுக்கும் அதுவே பெயரானது. தபால் கந்தோர், பிரிவு வருவாய் அதிகாரியின் டீ.ஆர்.ஓ. கந்தோர், 1992ஆம் ஆண்டுச் சட்டம் பிரதேச செயலாளருக்கு அதிகாரங்களை மாற்றிய பின் டீ.எஸ். கந்தோர். சிங்களத்தில் ‘கந்தோருவ’, இந்தோனேசியாவில் ‘கந்தோர்’. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரர் இருந்தும், தமிழ்நாட்டுப் பேச்சில் ஆபீஸ்தான்.

வந்த வழியை எழுத்தே காட்டிக்கொடுக்கும். டச்சுத் தகரத்தைத் தமிழ்க் காது ‘ந்த’ என்று கேட்டது. ஆங்கிலேயரின் அதே ஒலி நமக்குப் பெரும்பாலும் டகரம். அதனால்தான் கந்தோரில் தகரமும் கவுண்டரிலும் கொம்பியூட்டரிலும் டகரமும். மூன்றும் ‘கொம்புத்தாரே’ வழி வந்தவை. இன்று ஒரே கட்டடத்துக்குள் மூன்றும் இருக்கின்றன.

அரச எழுத்தில் கந்தோரின் இடத்தை அலுவலகமும் செயலகமும் எடுத்துக்கொண்டன. டச்சு வழியாகவே வந்த இன்னொரு இலத்தீன் சொல்லுக்கு அந்தக் கதி நேரவில்லை. வெல்லாவெளிக்காரர் வயற்காணிக்கு உறுதி முடிக்கப் போனால், அதை எழுதிக் கையொப்பமிடுபவர் சட்டப்படியே இன்றும் நொத்தாரிசு.