குழுவில் யாரைச் சேர்ப்பது?

கோப்பு அனுமதிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒன்பது பிட்டுகளில் ஆரம்பித்து அங்கேயே முடித்துவிடுகிறார்கள். உரிமையாளர், குழு, மற்றவர். ஒவ்வொருவருக்கும் படிக்க, எழுத, இயக்க. யூனிக்ஸ் பழகினவங்க எல்லாருக்கும் இது மனப்பாடம். ரொம்ப நாளாக என்னைக் குடைந்த கேள்வி வேறு: அந்தக் குழுவில் யார் இருக்கலாம்னு யார் முடிவு பண்றது?

யூனிக்ஸில் இதற்கு ஒரே பதில், ரூட். குழுப் பட்டியல் ஒரு சாதாரண எழுத்துக் கோப்புதான். ஆனால் அதைத் திருத்துவது நிர்வாகி வேலை. ஆரம்பத்தில் ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு குழுவின் ஆளாகத்தான் இயங்க முடியும். 1983-ல் வந்த 4.2 பிஎஸ்டி, ஒரே சமயத்தில் பல குழுக்களில் இருக்க வழி செய்தது. அப்போதும் பட்டியல் நிர்வாகி கையில்தான். ஒரு மினி கம்ப்யூட்டரைச் சுற்றி வேலை பார்த்தவர்களுக்கு இது குறையாகப் பட்டிருக்காது. பக்கத்து அறைக்குப் போய்ச் சொன்னால் முடிந்தது.

பல்கலைக்கழகம் முழுக்க ஒரே சர்வர் என்றால்? 1982-ல் பிட்ஸ்பர்க்கில் கார்னெகி மெலனும் ஐபிஎம்மும் சேர்ந்து ஆண்ட்ரூ என்ற திட்டத்தைத் தொடங்கின. (பல்கலைக்கழகத்தின் பெயரில் இருக்கிற கார்னெகி, மெலன் இருவருமே ஆண்ட்ரூதான்.) இலக்கு 5000 கணினிகளுக்கு மேல். அத்தனை பேருக்கும் குழு உண்டாக்க ஒரு நிர்வாகி உட்கார்ந்தால், மற்ற வேலை எதுவும் நடக்காது.

அதனால் ஏஎஃப்எஸ் என்று பெயர் பெற்ற அவர்களது கோப்பு முறையில் பயனரே குழு தொடங்கலாம். குழுப் பெயரின் முன்னால் உரிமையாளர் பெயர், நடுவில் முக்காற்புள்ளி. ஆக, ஊரில் எத்தனை பேர் ‘ஆய்வு’ என்று குழு வைத்தாலும் மோதல் இல்லை. ஆளுக்கு வழக்கமாக 20 குழுக்கள் வரை. எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்த விஷயம்: ஒரு குழுவுக்கு இன்னொரு குழுவையே உரிமையாளராக வைக்கலாம், ஏன், அதே குழுவையே வைக்கலாம். அப்போ உறுப்பினர் யாரும் ஆளைச் சேர்க்கலாம், நீக்கலாம். பேராசிரியர் வெளிநாடு போய்விட்டார் என்று வேலை நிற்காது.

உரிமைகள் ஏழு, எல்லாம் டைரக்டரி அளவில். புதுக் கோப்பைச் சேர்ப்பது ஒரு தனி உரிமை. இருப்பதைப் படிப்பது வேறு. இதை வைத்து வீட்டுப்பாடம் போடும் பெட்டி செய்யலாம்: மாணவர்கள் போடுவார்கள், ஆசிரியர் மட்டும் எடுத்துப் படிப்பார். ஏழாவது உரிமைதான் முக்கியம். அனுமதிப் பட்டியலையே மாற்றும் உரிமை அது. அதையும் குழுவுக்குக் கொடுக்கலாம்.

எதிர்மறை உரிமை என்றும் ஒன்று உண்டு. பயனர், குழு விவரங்கள் பல சர்வர்களில் நகலாக இருந்ததால், ஒருவரை நீக்கிய செய்தி எல்லா இடத்துக்கும் போய்ச்சேர நேரமாகும். அதுவரை குறிப்பிட்ட டைரக்டரியில் ‘இவருக்கு இல்லை’ என்று எழுதிவைத்தால் உடனே கதவு மூடிவிடும். பயன்படுத்தினால் குழப்பும்தான், ஆனால் காரணம் நியாயமானது.

ஐபிஎம் 2000-ல் இதன் மூலநிரலைத் திறந்துவிட்டது. ஓப்பன்ஏஎஃப்எஸ் அப்படி வந்ததுதான். அதில் போய்க் கோப்புகளைப் பட்டியலிட்டால் அந்தப் பழைய ஒன்பது பிட்டுகள் இன்னமும் தெரியும். குழுவுக்கும் மற்றவருக்கும் உரிய ஆறையும் சர்வர் கண்டுகொள்வதே இல்லை. 777 போட்டுப் பழகினவர் போட்டுப் பார்க்கலாம், புதிதாக ஒருத்தருக்கும் கதவு திறக்காது.