விக்டோரியா அரசியார்: அன்னை தந்த ஏடும் மகள் எரித்த ஏடும்

தமிழ் இலக்கிய மரபில் அரசி எனப்படுபவர் பெரும்பாலும் அரசனின் தேவியே ஆவார். கோப்பெருந்தேவி, பெருங்கோப்பெண்டு என்னும் பெயர்கள் யாவும் கணவனின் அரியணையைச் சார்ந்து நிற்பவை. பெண் ஆட்சி செலுத்திய காலத்தும், மதுரையில் இராணி மங்கம்மாள் பேரனின் பெயரால் ஆண்டது போல, ஆண் வாரிசு ஒருவருக்குக் காவலாக நின்று ஆள்வதே பெரிதும் வழக்கமாக இருந்தது. பிரித்தானிய முடியுரிமை மரபு இதனின்று வேறுபட்டது. மன்னருக்கு மகன் இல்லாதபோது மகளோ, உடன்பிறந்தார் மகளோ தன் பிறப்புரிமையாலேயே அங்கு முடிசூட முடிந்தது. அவர்தம் கணவர் அரசராக வேண்டுவதில்லை.

அவ்வாறு முடிசூடியவர்களுள் ஒருவரே விக்டோரியா அரசியார். 1837 முதல் 1901 வரை 63 ஆண்டுகளும் 7 மாதங்களும் அவர் ஆண்டார். 2015-ஆம் ஆண்டில் அவருடைய எள்ளுப்பேத்தி இரண்டாம் எலிசபெத் அந்த எல்லையைக் கடக்கும் வரை, பிரித்தானியாவில் அத்துணைக் காலம் ஆண்டவர் வேறொருவரும் இலர். ஆயின் ஆட்சிக் காலத்தினும் நீண்டது அவரது எழுத்துக் காலம். 13 வயதில் தொடங்கிய நாட்குறிப்பை அவர் 81 வயதில் இறக்கும் வரை எழுதிவந்தார். அந்த ஏட்டை அவர் கையில் முதன்முதலில் கொடுத்தவர் அவருடைய அன்னை. அவர் மறைந்தபின் அதனைத் தீயிலிட்டவர் அவருடைய இளைய மகள். இவ்விரு செயல்களுக்கும் இடையே அமைந்த வாழ்வை நோக்குவது, ஓர் அரசியின் வரலாற்றை மட்டுமன்றி எழுத்தின் வரலாற்றையும் அறிய உதவும்.

வாரிசுக்கு ஏங்கிய குடி

மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு மக்கள் 15 பேர். எனினும் 1817-ஆம் ஆண்டின் இறுதியில், முறையான மணத்தில் பிறந்து அரியணைக்கு உரியவராய் உயிரோடிருந்த பேரப்பிள்ளை ஒருவர்கூட அவருக்கு இல்லை. ஒரே பேத்தியாகிய இளவரசி சார்லட் அவ்வாண்டு நவம்பர் 6 அன்று, இறந்தே பிறந்த ஆண் மகவைப் பெற்றெடுத்தபின் 21 வயதில் உயிர் நீத்தார். அதுவரை மணத்தைப் பற்றிக் கவலை கொள்ளாதிருந்த நடுவயது இளவரசர் சிலர் அதன்பின் விரைந்து மணமகள் தேடலாயினர். அவர்களுள் ஒருவர் மன்னரின் நான்காம் மகனும் கென்ட் கோமகனுமாகிய எட்வர்டு. 50 வயதை எட்டியவர். கடன் சுமை மிக்கவர்.

1818-இல் அவர் மணந்துகொண்டவர் ஜெர்மானியச் சிற்றரசாகிய சாக்ஸ்-கோபர்க் குடியைச் சேர்ந்த விக்டோரியா என்னும் கைம்பெண். இவர் மறைந்த சார்லட்டின் கணவர் லியோபோல்டின் உடன்பிறந்தாள். முதல் மணத்தில் ஒரு மகனும் ஒரு மகளும் உடையவர். தம் பிள்ளை இங்கிலாந்து மண்ணிலேயே பிறத்தல் வேண்டும் என்பது கோமகனின் உறுதி. ஆதலால் நிறைசூலியாகிய மனைவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஜெர்மனியிலிருந்து நெடுவழி நடத்தி இலண்டன் கென்சிங்டன் அரண்மனையில் சேர்த்தார். அங்கு 1819 மே 24 அன்று பெண் குழந்தை பிறந்தது. அப்பேறு பார்த்த மருத்துவச்சி அதே ஆண்டு ஆகஸ்டில் கோபர்க் குடியில் மற்றொரு பேற்றையும் பார்த்தார். அப்போது பிறந்த ஆண் குழந்தையே பிற்காலத்தில் இப்பெண் குழந்தையின் கணவரான ஆல்பர்ட்.

பெயரிடும் நாளிலேயே பூசல் எழுந்தது. பெற்றோர் விரும்பிய பெயர்கள் பலவற்றை அரசப் பொறுப்பில் இருந்த பெரிய தந்தையார் மறுத்துவிட்டார். முடிவில் உருசிய மன்னரின் பெயரால் அலெக்சாண்டிரினா என்றும், தாயின் பெயரால் விக்டோரியா என்றும் இரு பெயர்கள் சூட்டப்பட்டன. குழந்தைக்கு 8 மாதம் ஆகியிருந்தபோது, 1820 சனவரி 23 அன்று தந்தை இறந்தார். 6 நாள் கழித்துப் பாட்டனாரும் இறந்தார். கணவரையும் இழந்து, மொழியும் பழகாத நாட்டில், கடனோடும் கைக்குழந்தையோடும் நின்றார் அன்னை.

கைப்பிடித்து இறங்கிய படிகள்

அன்னையின் தனிமையைப் பயன்படுத்திக்கொண்டவர் கோமகனின் பணியாளராயிருந்த ஜான் கான்ராய். சிறுமி அரியணை ஏறும் நாளில் தாமே அதிகாரம் செலுத்தலாம் என எண்ணிய அவர் வகுத்த ஒழுங்குமுறை ‘கென்சிங்டன் முறை’ எனப் பெயர் பெற்றது. அதன்படி சிறுமி தாயின் அறையிலேயே உறங்க வேண்டும். எவரையும் தனியே காணலாகாது. மாடிப்படி இறங்கும்போதும் ஒருவர் கையைப் பற்றியே இறங்க வேண்டும். ஒத்த வயதுத் தோழியர் அரியர். ஆசிரியை லேட்சன் அம்மையாரும், அவரோடு சேர்ந்து ஆடை தைத்து அணிவித்த மரப்பாவைகளுமே துணை. அப்பாவைகளின் எண்ணிக்கை 132. அன்பு காட்டிய தமக்கை ஃபியோடோராவும் 1828-இல் மணமாகி ஜெர்மனி சென்றுவிட்டார்.

இச்சூழலில்தான் ஏடு வந்தது. 1832-இல் வேல்சு நாட்டுப் பயணத்துக்குப் புறப்பட்ட மகளிடம், கண்டவற்றை எழுதுமாறு அன்னை ஒரு குறிப்பேட்டைக் கொடுத்தார். எழுதியதை அன்னையும் ஆசிரியையும் படித்துப் பார்ப்பது வழக்கமாயிற்று. அவ்வகையில் அது மறைவேடு அன்று. மேற்பார்வைக்கு உட்பட்ட பாட ஏடே எனலாம். ஆயினும் பர்மிங்காம் பக்கத்து நிலக்கரிச் சுரங்கப் பகுதியைக் கடக்கையில், நிலமும் வீடும் மாந்தரும் ஒருங்கே கருமை படிந்திருந்ததை அந்த 13 வயதுக் கை எழுதி வைத்தது. கைப்பிடித்தன்றிப் படியிறங்க இயலாத சிறுமியின் கண்கள் வண்டியின் சாளரத்தின் வழியே தாமாக உலகைக் கண்டன.

1835-இல் ராம்ஸ்கேட் நகரில் கடும் காய்ச்சலில் கிடந்தபோது, தம்மைத் தனிச்செயலராக அமர்த்தும் தாளில் கையெழுத்திடுமாறு கான்ராய் வற்புறுத்தினார். அன்னையும் அதற்கு உடன்பட்டிருந்தார். நோயுற்ற 16 வயதுப் பெண் மறுத்துவிட்டார். தாய்க்கும் மகளுக்கும் இடையே விழுந்த பிளவு அன்று முதல் வெளிப்படையாயிற்று.

தனித்து நின்ற அரசி

மகளுக்கு 18 வயது நிரம்பும் முன் மன்னர் நான்காம் வில்லியம் இறந்திருப்பின் ஆட்சிப் பொறுப்பு அன்னையிடம் சென்றிருக்கும். அது நேராதிருக்கத் தாம் உயிரோடிருக்க விரும்புவதாக 1836-இல் விருந்தொன்றில் அனைவரும் கேட்க அம்மன்னர் கூறினார். அவ்விருப்பம் நிறைவேறியது. 1837 மே 24 அன்று விக்டோரியாவுக்கு 18 வயது நிரம்பியது. சூன் 20 அன்று மன்னர் காலமானார்.

அன்று விடியற்காலையில் கான்டர்பரிப் பேராயரும் அரண்மனைப் பெருந்தலைவரும் கென்சிங்டன் வந்து செய்தி சொன்னார்கள். அன்றைய நாட்குறிப்பில் அவர்களைத் தனியாகக் கண்டதாகவும், அமைச்சரைத் தனியாகக் கண்டதாகவும், இனி எப்போதும் அவ்வாறே காண இருப்பதாகவும் அரசியார் எழுதினார். தனிமை என்பது பிறருக்குத் துன்பம்; அவருக்கு அது விடுதலை. தம் கட்டிலைத் தாயின் அறையிலிருந்து வேறறைக்கு மாற்றச் செய்தது அவருடைய முதற் செயல்களுள் ஒன்று. மணமாகாத அரசி தாயோடு வாழ்வதே முறையாகக் கருதப்பட்டமையின் அன்னையும் பக்கிங்காம் அரண்மனைக்கு வந்தார். ஆயினும் அவருக்குக் கிடைத்தவை தொலைவில் அமைந்த அறைகளே.

1840 பிப்ரவரி 10 அன்று அரசியார் தம் மாமன் மகனாகிய ஆல்பர்ட்டை மணந்தார். அரசியிடம் எவரும் மணம் பேசுதல் முறையாகாது என்பதால் விருப்பத்தை முதலில் வெளியிட்டவர் அரசியாரே. 1840 முதல் 1857 வரை 9 மக்கள் பிறந்தனர். தாய்க்கும் மகளுக்கும் இடையே நின்ற கசப்பைப் போக்கியவர் ஆல்பர்ட். லேட்சன் அம்மையார் 1842-இல் தாயகம் திரும்பியதும் அதற்கு வழிவகுத்தது.

இறந்த தாயின் தாள்கள்

1861 மார்ச்சு 16 அன்று அன்னை காலமானார். அவர் விட்டுச்சென்ற தாள்களை எடுத்துப் பார்த்த அரசியார் அவற்றில் தம்மையே கண்டார். தம் மழலைப் பருவத்தைப் பற்றித் தாய் எழுதி வைத்திருந்த சிறு குறிப்பேடுகள் பேரன்பால் நிறைந்திருந்தன. தம்மைத் தாய் நேசிக்கவில்லை என்று நெடுங்காலம் எண்ணியிருந்த மகள் அதனை உணர்ந்தபோது, அத்தாய் இல்லை. வாழ்ந்த நாளில் வாய் சொல்லாததை ஏடு சொல்லிற்று. அத்துயரம் அவரைப் பல வாரம் செயலற்றவராக்கியது.

அதே ஆண்டு திசம்பர் 14 அன்று 42 வயதில் ஆல்பர்ட்டும் மறைந்தார். அன்று தொடங்கி அவ்வாண்டு முடியும் வரை நாட்குறிப்பு எழுதப்படவில்லை. 1862 சனவரி முதல் நாள் மீண்டும் தொடர்ந்தது. எஞ்சிய 39 ஆண்டுகளும் அரசியார் கருநிற ஆடையே உடுத்தார்.

எழுத்து அவரை விட்டு நீங்கவில்லை. கணவரோடு ஸ்காட்லாந்து மலைநாட்டில் கழித்த நாள்களைப் பற்றிய குறிப்புகளிலிருந்து 1868-இல் ஒரு நூலும், 1884-இல் அதன் தொடர்ச்சியும் வெளியிட்டார். 1883-இல் இறந்த பணியாளர் ஜான் பிரௌனைப் பற்றி எழுத முற்பட்டபோது, அரண்மனைத் திருச்சபைத் தலைவர் முதலியோர் தடுத்தனர், அந்நூல் அச்சேறவில்லை. ஒரு பேரரசின் தலைவிக்கும் தாம் எழுதியதை அச்சிடும் உரிமை முழுமையாக இல்லை.

இந்தியாவுக்கும் அவ்வேடுகளுக்கும் உள்ள தொடர்பு இங்கே குறிப்பிடத்தக்கது. 1877 சனவரி முதல் நாள் தில்லிப் பேரவையில் அவர் இந்தியப் பேரரசியாக அறிவிக்கப்பட்டபோது, சென்னை மாகாணம் பெரும் பஞ்சத்தின் பிடியில் மடிந்துகொண்டிருந்தது. இந்தியாவுக்கு அவர் ஒருமுறையேனும் வந்தாரல்லர். ஆயின் 1887-இல் ஆக்ராவிலிருந்து வந்து பணியேற்ற அப்துல் கரீமிடம் இந்துஸ்தானி பயின்று, உருது எழுத்தில் தம் கையால் குறிப்புகள் எழுதிப் பழகினார். கரீமுக்கு அவர் வரைந்த மடல்களை மகன் ஏழாம் எட்வர்டின் ஆணைப்படி 1901-இல் எரித்தனர். அப்பயிற்சி ஏடுகள் மட்டும் தப்பின.

இளைய மகள்

1857-இல் பிறந்த பியாட்ரிசுக்குத் தந்தை இறக்கும்போது வயது 4. மற்றைய பெண்மக்கள் மணமாகிச் செல்ல, இவரைத் தம் துணையாக இறுதிவரை வைத்துக்கொள்ள அரசியார் எண்ணினார். 1884-இல் பேட்டன்பர்க் இளவரசர் ஹென்றியை மணக்க விரும்புவதாக மகள் கூறியபோது, தாய் ஏறத்தாழ 7 மாதம் அவரோடு பேசவில்லை. ஒரே வீட்டில் உணவருந்திய இருவரும் சிறு சீட்டுகள் எழுதியே செய்தி பரிமாறினர். தாயோடு வாழ வேண்டும் என்னும் உடன்பாட்டின் பேரிலேயே 1885-இல் மணம் நடந்தது. 1896-இல் ஆப்பிரிக்கப் போர்ப் பயணத்தில் காய்ச்சல் கண்டு ஹென்றி இறந்தார். கைம்பெண்ணாகிய மகள் மீண்டும் கைம்பெண்ணாகிய தாயின் அருகில் அமர்ந்தார். கண் மங்கிய முதுமையில் தாய்க்குத் தாள்களைப் படித்துக் காட்டியவரும் அவரே.

1901 சனவரி 22 அன்று அரசியார் ஆஸ்போர்ன் மாளிகையில் உயிர் நீத்தார். நாட்குறிப்பைக் காக்கும் பொறுப்பை அவர் பியாட்ரிசிடமே ஒப்படைத்திருந்தார். பிறர் மனத்தைப் புண்படுத்துவனவற்றையும் குடும்பத்துக்கு ஒவ்வாதனவற்றையும் நீக்கி, மகள் தம் கையால் புதிய ஏடுகளில் படியெடுத்தார். படியெடுத்து முடிந்த மூலத்தை எரித்துக்கொண்டே சென்றார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் மேரி அரசியாரும் வருந்தினர்; தடுக்க இயலவில்லை. சுமார் 30 ஆண்டு நீடித்த அப்பணி 1931-இல் நிறைவுற்றது. விளைந்த படிகள் 111 ஏடுகள்.

எனினும் முழுமையும் அழிந்துவிடவில்லை. அரசியார் முடிசூடுவதற்கு முன் எழுதிய இளமை ஏடுகள் மூல வடிவிலேயே எஞ்சின. 1840-இன் தொடக்கம் வரையிலான பகுதிக்கு ஈஷர் பிரபு தட்டச்சுப் படி ஒன்றையும் எடுத்து வைத்திருந்தார். இவ்விடங்களில் மட்டும் தாயின் சொல்லையும் மகளின் படியையும் அருகருகே வைத்து ஒப்பிட முடிகிறது. படியில் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் அப்படியே உள்ளன, குறைந்திருப்பது குரல். வியப்பும் சினமும் ஆசையும் பொங்கிய தொடர்கள் சுருங்கி அமைதியடைந்துள்ளன. 1840-க்குப் பின் அவ்வாறு ஒப்பிட வழியில்லை. மனைவியாக, தாயாக, கைம்பெண்ணாக அவர் பேசிய குரல் எத்தகையது என்பதை மகளின் கையெழுத்து வழியாகவே கேட்க வேண்டியுள்ளது.

பியாட்ரிசைப் பழிப்பது எளிது. ஆயின் வாழ்நாள் முழுதும் தாய்க்குக் கட்டுப்பட்டவர், தாய் இட்ட கடைசிக் கட்டளையையும் நிறைவேற்றினார் என்பதை மறத்தலாகாது. அன்னையின் ஏடுகள் அழியாமல் இருந்தமையால் தாயின் அன்பை அறிந்துகொண்டவர் விக்டோரியா. அப்பேறு தம் வழித்தோன்றல்களுக்கு முழுமையாகக் கிட்டாதவாறு பொறுப்பை ஒப்படைத்துச் சென்றவரும் அவரே.

எஞ்சிய நாட்குறிப்புகள் அனைத்தையும், சுமார் 43,000 பக்கங்களை, எவரும் காணும்படி 2012 மே 24 அன்று இரண்டாம் எலிசபெத் அரசியார் வெளியிட்டார். தாயின் பார்வைக்கென எழுதப்பட்ட சிறுமியின் முதல் ஏட்டை இன்று உலகம் படிக்கிறது. பேரரசியாக அவர் எழுதிய ஏடுகள் சாம்பலாயின. எழுதுவோர் தம் எழுத்தை எவ்வளவு உண்மையோடு எழுதுகின்றனர் என்பதோடு, அதனை எவர் கையில் விட்டுச் செல்கின்றனர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்கு, முடிசூடிய இவ்வெழுத்தாளரின் வரலாறு சான்றாக நிற்கிறது.