முடிக்குரிய காடும் லயத்துப் பசுவும்

நல்லதண்ணி லயங்களிற் பசு வளர்ப்போர் காட்டோரப் புல்லை அறுத்துச் சுமந்து வருவர். பால் கைச்செலவுக்கு உதவும். சாணம் மரக்கறிப் பாத்திக்கு உரமாகும். இவ்வருவாய் சம்பளப் பட்டியலில் ஏறாது. பொதுநிலத்தின் பயனைக் கூறும் வரலாறுகளிலும் நாம் இதனைக் காண்பது அரிது.

வேட்டையோ எண்ணப்பட்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், மறுதலையாக நிறுவப்படாதவரை, காட்டையும் பயிரிடப்படாத நிலத்தையும் முடிக்குரியனவாகக் கொண்டது. மலைநாட்டுக் கிராமத்தவரின் மேய்ச்சற்றரைகளும் அதனுள் அகப்பட்டன. அக்காலத்திலேயே யானை கொன்றோர்க்கு அரசு வெகுமதி வழங்கியது. 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்குள், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு அது கோரப்பட்டதென எமர்சன் டெனன்ற் எழுதியுள்ளார். உயிரொன்றுக்குச் சில ஷில்லிங்! பணம் பொதுக் கருவூலத்தினது. வேட்டையை நிலத்தின் வரவாகக் கணிப்போர் இச்செலவை முதலிற் கழித்து, பாலையும் சாணத்தையும் மேய்ச்சலின் வரவாக எழுதவேண்டுமென்பதே எமது கருத்து.