ஹர்த்தால் (கல்முனைக் கரையோரம்)

கடைகளைப் பூட்டி, வாகனம் ஓட்டாமல், வேலைக்கும் பாடசாலைக்கும் போகாமல் ஊரே முடங்கி எதிர்ப்பைக் காட்டும் முறை ஹர்த்தால். கடை, பூட்டு எனப் பொருள்படும் குஜராத்திச் சொற்களிலிருந்து பிறந்த பெயர். ரௌலட் சட்டத்துக்கு எதிராக 1919 ஏப்ரல் 6இல் காந்தி விடுத்த அழைப்புக்குப் பின் ஆங்கிலத்திலும் நிலைத்தது. இலங்கையில் அதற்குப் பெரும் பெயர் வாங்கிக் கொடுத்தது 1953 ஆகஸ்ட் 12. ஒரு கொத்துப் பங்கீட்டரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானதால் எழுந்த அந்த ஹர்த்தாலையடுத்து, அக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார்.

அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் ஹர்த்தாலுக்குத் தனிக் குணம் உண்டு. பதாதை ஏந்தி வீதியோரம் நிற்பது இங்கே ‘கவனயீர்ப்பு’. பெரும்பாலும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முன்றலில் தொடங்கும். ஹர்த்தாலோ சந்தையைத் தொடுவது. வணிகமே கல்முனையின் உயிர்நாடி என்பதால், கடைக்காரர் சம்மதிக்காமல் அது நடக்காது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் ஒரே பிரதான வீதியில் மாறி மாறி வருகின்றன. ஆகவே யார் அழைத்த ஹர்த்தால், எந்த ஊரில் கடை பூட்டு என்பதே இங்கு அரசியல் செய்தியாகிவிடும்.

2013 மார்ச் 25இல், பௌத்த கடும்போக்கு அமைப்பான பொது பல சேனாவின் முஸ்லிம் எதிர்ப்புப் பிரசாரத்தைக் கண்டித்து ஹர்த்தாலுக்கு அழைப்பு விடுக்கப்பட்டது. வேண்டாம் என்றது மார்க்க அறிஞர்களின் அமைப்பான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா. இருந்தும் கிழக்கின் முஸ்லிம் நகரங்களில் கடைகள் மூடப்பட்டன.

வெளியாரை எதிர்த்து மட்டுமே ஹர்த்தால் என்றில்லை. இக்கரையில் ஆழமாக வேரோடியது 2017ஆம் ஆண்டுப் போராட்டம்தான். சாய்ந்தமருது முன்னர் கரைவாகு தெற்குக் கிராம சபையாக இருந்தது. 1987இல் கல்முனைப் பிரதேச சபையோடு இணைக்கப்பட்டது. தனிச் சபையை மீட்கக் கோரி 2017 அக்டோபர் இறுதியில் அங்கு கடைகள் பூட்டப்பட்டன. ஊரை வழிநடத்தியது ஜும்ஆப் பெரிய பள்ளிவாசல். பிரிப்பதானால் 1987 இணைப்புக்கு முன்பிருந்த நான்கு சபைகளாகவே பிரியுங்கள் என்று கல்முனை எதிர்க்குரல் எழுப்பியது. கோபம் அடுத்த ஆண்டு வாக்குப்பெட்டிக்குப் போனது: 2018 உள்ளூராட்சித் தேர்தலில் பள்ளிவாசல் முன்னிறுத்திய சுயேச்சைக் குழு பெரும் கட்சிகளைத் தள்ளிவைத்து சாய்ந்தமருதில் வென்றது. 2020 பெப்ரவரி 14இல் நகர சபைக்கான வர்த்தமானி வெளியானது. வெடி கொளுத்திய சூடு ஆறுமுன், சில நாட்களிலேயே அரசு அதை இடைநிறுத்தியது.