ஏழாண்டு காத்திருக்கும் தேறல்



போர்க்காலத்தில் நெல் விளைவிப்பவனை எல்லோரும் வாழ்த்துவர். அதே காலத்தில் ஒருவர் வைன் வடித்துக்கொண்டிருந்தார் என்றால் அவரை என்னென்பது? லெபனானின் 'ஷாட்டோ முசார்' என்னும் செந்நிற வைனின் வரலாறு இந்த வினாவை நம் முன் வைக்கிறது.

லெபனான் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த 1930ஆம் ஆண்டில், கஸ்தோன் ஹொஷார் என்பவர் இவ்வாலையை நிறுவினார். பெய்ரூத்துக்கு வடக்கே, கசீர் என்ற ஊரில், பழைய கோட்டையொன்றின் நிலவறைதான் அதன் தொடக்க இடம். திராட்சைத் தோட்டங்களோ மலைத்தொடருக்கு அப்பால், சுமார் 1000 மீற்றர் உயரத்தில், பெக்கா பள்ளத்தாக்கில் இருந்தன. உரோமர் தம் மதுத் தெய்வமான பாக்கசுக்குக் கோயில் எழுப்பிய பால்பெக் நகரும் அங்கேதான் உள்ளது. நாட்டின் எல்லை எங்கே விழுமோ என்ற ஐயத்தாலேயே ஆலையைத் தோட்டத்துக்கு அருகில் அமைக்கவில்லை என்பர். தோட்டத்துக்கும் ஆலைக்கும் இடையிலான அந்த மலைப்பாதை பின்னாளில் குடும்பத்துக்குப் பெருஞ்சோதனையாயிற்று.

போர்தோவில் வைன் கலை பயின்ற மூத்த மகன் சேர்ஜ் 1959இல் பொறுப்பேற்றார். கபர்னே சோவிஞோன், சென்சோ, கரிஞான் என்ற மூவகைப் பழங்களின் சாற்றையும் தனித்தனியே நொதிக்கவிட்டு, ஓக் பீப்பாய்களில் ஓராண்டு வைத்து, பின்பு கலந்து, மூன்றாம் ஆண்டின் முடிவில் போத்தலில் அடைப்பது அவர் முறை. அதன் பின்னும் நான்காண்டு நிலவறையில் உறங்கவேண்டும். ஆக, அறுவடையிலிருந்து ஏழாண்டு கழித்தே அது விற்பனைக்கு வரும். அடர்ந்த சுவையும் மணமும் கொண்ட வைன் அது.

1975இல் உள்நாட்டுப் போர் மூண்டது. பெதூயின் மக்கள் பறித்த பழங்களை ஏற்றிய லொறிகள் சோதனைச் சாவடிகளையும் போர்முனைகளையும் தாண்டி மலையேறி வந்தன. 1976இல் வைன் இல்லை. 1984இல் பழங்கள் நாட்கணக்கில் வழியில் தேங்கி, வண்டியிலேயே நொதிக்கத் தொடங்கின; அவ்வாண்டு வைன் வழமைபோல் சந்தைக்கு வரவில்லை. மற்றைய ஆண்டுகளில் வேலை நிற்கவில்லை. குண்டு விழுந்த நாட்களில் அதே நிலவறை மனிதருக்கும் புகலிடமாயிற்று.

போரினால் உள்நாட்டு விற்பனை சரிந்தபோது சேர்ஜ் வெளிநாட்டுச் சந்தையை நாடினார். 1979இல் பிரிஸ்டல் வைன் சந்தையில் மைக்கல் புரோட்பென்ட் என்ற ஆங்கிலேய வல்லுநர் முசாரைச் சுவைத்து வியந்து பாராட்டினார். 1984இல் 'டிக்கன்ரர்' சஞ்சிகை ஆண்டின் சிறந்த மனிதர் என்னும் தன் விருதை முதன்முதலாக சேர்ஜுக்கு வழங்கியது. பழங்கள் வழியில் தேங்கிய ஆண்டும் அதுவே.

2014இன் இறுதி நாளில் சேர்ஜ் மறைந்தார். ஆலை இன்றும் அவர் குடும்பத்தின் கையிலேயே இருக்கிறது.

மதுவை நாம் விரும்பலாம், வெறுக்கலாம். ஆனால் 1983இன் பழத்தைப் பிழிந்தவர், 1990இலும் தம் நாடு இருக்கும், ஆலை இருக்கும், வாங்குவோர் இருப்பர் என்று நம்பியே பிழிந்தார். போர் முடிந்ததும் அந்த 1990இல்தான்.

தெளிந்த மதுவுக்கு நம் முன்னோர் இட்ட பெயர் தேறல். தேறுதல் என்றால் தெளிதல், நம்புதல், துயரிலிருந்து மீளுதல். அகராதி தரும் அம்மூன்று பொருளும் அந்த நிலவறைப் போத்தல்களுக்கு எவ்வளவு பொருந்துகின்றன!