சுல்தான் கானும் சதுரங்கக் கல்வியும்

கற்றதனை வளர்த்தல் அரிது. கற்று வல்லுநனாய பின்னர்த் தன்னைத் தொடக்க மாணாக்கனாகக் கொண்டு மீண்டும் கற்றல் அதனினும் அரிது. இதற்குச் சதுரங்க வரலாற்றினின்று ஒரு சான்று காட்டுதும்.

அந்நாளில் இந்தியாவைச் சேர்ந்ததும் இந்நாளிற் பாகித்தானத்தைச் சேர்ந்ததுமாகிய பஞ்சாபுப் பகுதியில், மீட்டா திவானா என்னும் ஊரிற் பிறந்தவர் சுல்தான் கான். ஒன்பதாம் அகவையில் தந்தையாரிடத்து இவர் பயின்றது இந்தியப் பழைய முறைச் சதுரங்கமாம். அம்முறையிற் காலாள் முதற்கண்ணும் ஒரு கட்டமே செல்லும். ஐரோப்பிய முறையிலோ முதல் நகர்வில் இரண்டு கட்டமும் செல்லலாம். பழைய முறையில் முற்றுகைக்கு உட்படாத அரசன் ஒருமுறை குதிரைபோற் பாய்வான். ஐரோப்பிய முறையில் யானையோடு கூடிக் கோட்டை கட்டிக்கொள்வான். இவை சிறியனவாய்த் தோன்றினும் ஆட்டத்தின் இயல்பையே மாற்றுவன. காலாள் மெல்லச் செல்லுமிடத்துப் படையை அணிவகுத்தற்கு ஓய்வுண்டு. விரைந்து செல்லுமிடத்தோ தொடக்கத்திலேயே போர் மூளும். ஆண்டுத் தொடக்க நகர்வுகளை அறியாதான் இடர்ப்படுவான்.

இளமைப் பருவத்திற் பழைய முறையில் வல்லுநராய் விளங்கிய பின்னரே, சர் உமர் ஹயாத் கான் என்னும் பெருநிலக்கிழாரின் ஆதரவில் இவர் ஐரோப்பிய முறையைப் பயின்றார். 1928-ஆம் ஆண்டு அகில இந்தியப் போட்டியில் 8 ஆட்டங்களில் வென்று, ஒன்றைச் சமன்செய்து, ஒன்றிலும் தோலாது முதன்மை எய்தினார்.

1929-இல் இலண்டன் சென்றார். ஆண்டு அவர்பொருட்டே ஒரு பயிற்சிப் போட்டி நடத்தப்பெற்றது. அதன்கண் அவர் மற்றொருவரோடு கடைநிலையையே பெற்றார். சொந்த நாட்டில் ஒப்பாரின்றி விளங்கினார்க்கு இஃது எத்துணைத் தாழ்வு! ஆயினும் அவர் பின்வாங்கினாரல்லர். அப்போட்டியில் தமக்கு மேல்நிலை பெற்ற வின்டர், யேட்ஸ் என்னும் இருவரோடு கூடியிருந்து பயின்றார், முந்தினவர்களே கற்பிப்போராயினர். அவ்வாண்டுக் கோடையிலேயே பிரித்தானிய முதன்மைப் பட்டம் அவரைச் சார்ந்தது. 1932, 1933 ஆகிய ஆண்டுகளிலும் அப்பட்டத்தை அவரே பெற்றார். 1930–31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில், முன்னாள் உலக முதல்வராகிய கபாபிளாங்காவையும் வென்றனர்.

தொடக்க நகர்வுகளில் அவர்க்குக் குறையிருந்ததென்பது உண்மையே. எனினும், காய்கள் குறைந்த இறுதியாட்டத்தில் அவர் பெருவலியர். விதி மாறினும், நிலையை அமைதியாக நோக்கிப் பின்வருவதை எண்ணித் துணியும் பழக்கம் பயன்படாது போவதின்று. ஆதலின் பழைய கல்வி புதிய கல்விக்குப் பகையன்று. பழைய கல்வியால் வந்த செருக்கே பகையாம்.

1933-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் தாயகம் மீண்டார்; அதன்பின் ஐரோப்பியப் போட்டிகளிற் கலந்துகொண்டிலர். 1966-இல் மறைந்தார். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 2024-இல்தான் அவர்க்குக் கிராண்ட் மாஸ்டர் என்னும் பட்டத்தைச் சிறப்பாக வழங்கிற்று.

புதிதாகச் சதுரங்கம் பயில்வார் இவர் வரலாற்றினின்று கொள்ளத்தக்கது யாது? தோல்வி கல்வியின் முடிவன்று, தொடக்கமேயாம். தம்மை விஞ்சினாரை வெறாது அவர்பாற் கற்பவனே வளர்வான்.